லிஸ்பன் நகரமும் அதன் தெருக்களும்

யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் காலையில் எழுந்து யன்னலைத் திறக்கிறான். முகங் கழுவித் துவாயால் துடைக்கிறான். அலுமாரியிலிருந்து உடுப்பை எடுத்து அணிகிறான். குசினியருகே மேசையில் வைத்த பாணைக் கதிரையில் இருந்து உண்கிறான். சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு பாடசாலைக்கு வந்து வாங்கில் அமர்கிறான். இத்துணைச் சிறு பொழுதினுள் அவன் தொட்ட பொருள்களின் பெயர்களுள் யன்னல், துவாய், அலுமாரி, குசினி, மேசை, பாண், கதிரை, சப்பாத்து, வாங்கு ஆகிய ஒன்பதும் போர்த்துக்கேய மொழியிலிருந்து நம்மிடம் வந்தவை.

இலக்கண வகுப்பில் இவற்றைத் திசைச்சொல் என்று கூறிவிட்டு அடுத்த சூத்திரத்துக்குச் செல்வது எம் போன்ற ஆசிரியர் வழக்கம். அந்தத் திசை எது, அங்கே யன்னல்கள் எத்தகைய வீடுகளில் இருந்தன, சப்பாத்துகள் எத்தகைய தெருக்களில் நடந்தன என்று மாணவர் கேட்பதுமில்லை, நாம் கூறுவதுமில்லை. அத்திசையின் தலைநகர் லிஸ்பன். ஐரோப்பாவின் பழைய தலைநகர்களுள் ஒன்றாகிய அந்நகரின் தெருக்களையும் வீடுகளையும் அங்கு வாழும் மக்களின் அன்றாட ஒழுக்கத்தையும் இயன்றவரை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

போர்த்துக்கேயர் என்றவுடன் நம் உள்ளத்தில் எழும் நினைவு இனியதன்று. 1619இல் யாழ்ப்பாண அரசு அவர் கைப்பட்டது. அதனையடுத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. 1658இல் ஒல்லாந்தர் வரும்வரை, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவராட்சி இங்கு நிலைத்தது. கோயிலை இடித்தவர் ஊரைப் பற்றி இந்துக் கல்லூரியின் மலரில் எழுதுவானேன் என்று வினவுவார் வினவலாம். வினா தக்கதே. அதற்குரிய விடையை அந்நகரின் கதையே தரும்.

மலையும் ஆறும்

போர்த்துக்கலின் மேற்குக் கரையில், தேகஸ் என்னும் பேராறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் லிஸ்பன் அமைந்துள்ளது. உரோமாபுரியைப் போல இதனையும் ஏழு குன்றுகளின் நகரம் என்று கூறுவர். குன்றுகளின் மேலும் அவற்றின் இடைப்பட்ட பள்ளங்களிலும் வீடுகள் நெருங்கி நிற்கின்றன. ஆகவே அந்நகரில் நேரே நடத்தல் அரிது. ஏறுதலும் இறங்குதலுமே நடை. பல தெருக்கள் தெருவாகத் தொடங்கிப் படிக்கட்டாக முடிகின்றன.

எட்டாம் நூற்றாண்டு முதல் முஸ்லிம்களாகிய மூர்கள் இந்நகரை ஆண்டனர். 1147இல் அபொன்சோ என்ரிக்கே என்னும் மன்னன், சிலுவைப் போருக்குச் சென்றுகொண்டிருந்த வடநாட்டு வீரரின் உதவியோடு நகரை முற்றுகையிட்டுக் கைப்பற்றினான். மூர்களின் பள்ளிவாசல் நின்ற இடத்திலே தலைமைத் தேவாலயம் எழுந்தது. ஒருவர் தொழுத இடத்தை இடித்து மற்றொருவர் தம் தொழுமிடத்தை எழுப்பும் வழக்கம் அவர்கள் நம் நாட்டுக்கு வந்தபின் கற்றதன்று. தம் தலைநகரிலேயே கற்றது.

மூர்களின் கோயில் மறைந்தாலும் அவர்களது தெரு மறையவில்லை. கோட்டைக் குன்றின் சரிவில் உள்ள அல்பாமா என்னும் பழம்பகுதியின் பெயரே அரபு மொழிச் சொல். வெந்நீர் ஊற்று என்பது அதன் பொருள். அங்குள்ள ஒழுங்கைகள் பாம்பு நெளிந்தாற்போல வளைந்து செல்லும். சில இடங்களில் ஒருவர் இரு கைகளையும் விரித்தால் இருபக்கச் சுவரையும் தொடலாம். கோடை வெயில் தெருவில் விழாதபடி வீடுகள் ஒன்றுக்கொன்று நிழல் தருகின்றன. வண்டி செல்ல இயலாமையால் ஒழுங்கையே அயலாரின் முற்றமாகிறது. மேல்மாடி யன்னல்களுக்குக் கீழே கட்டிய கொடிகளில் துணிகள் காய்கின்றன. முதிய பெண்கள் யன்னலில் முழங்கையை ஊன்றி எதிர்வீட்டாரோடு உரையாடுகின்றனர். வாயிற்படியில் சிறு அடுப்பு வைத்துச் சாளை மீன் சுடுகின்றனர். தலையிற் கூடை சுமந்து மீன் விற்கும் பெண்களின் கூவல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இத்தெருக்களில் நாளும் ஒலித்தது. வரினா என்று அவர்களை அழைத்தனர். இன்று அவர் தொழில் மறைந்துவிட்டது. பெயர் மாத்திரம் பாட்டிலும் படத்திலும் வாழ்கிறது.

அல்பாமா போன்ற ஏழைகளின் குடியிருப்புகளிலே பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தது பாதோ என்னும் இசை. ஒருவர் பாட, பன்னிரு தந்திகளையுடைய போர்த்துக்கேயக் கித்தார் அவர்க்குத் துணைசெய்யும். கடலிற் சென்று மீளாதவரை எண்ணி இரங்குதலும், பிரிவாற்றாமையும் அதன் பெரும்பொருள். நெய்தல் திணையின் இரங்கலை அறிந்த தமிழ் மாணவர்க்கு இவ்விசையின் உணர்ச்சி அயலாகத் தோன்றாது. 2011இல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு நிறுவனம் பாதோவை மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

மிளகின் காலம்

1497இல் வாஸ்கோ ட காமா இந்நகரின் மேற்கேயுள்ள பெலேம் என்னுந் துறையிலிருந்து புறப்பட்டு இந்தியாவை அடைந்து 1499இல் மீண்டான். கீழைத்தேச மிளகும் கறுவாவும் இங்கு இறங்கத் தொடங்கின. அச்செல்வத்தால் மனுவேல் மன்னன் ஆற்றங்கரையிலே மாளிகை அமைத்தான். கப்பல் வாணிகத்தைக் கவனிக்கும் இந்திய அலுவலகமும் அதனையடுத்தே இருந்தது. பெலேமில் ஜெரோனிமோஸ் துறவியர் மடம் கட்டத் தொடங்கப்பட்டது. அதன் கற்றூண்களிலே முறுக்கிய கயிறுகளும், பவளக் கொடிகளும், கடற்பிராணிகளும் செதுக்கப்பட்டுள்ளன. கட்டடக் கலையறிஞர் இதனை மனுவேல் மன்னன் பெயரால் ஒரு தனிப்பாணி என்பர். வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

செல்வத்தின் மறுபக்கமும் தெருக்களிலே எழுதப்பட்டிருக்கிறது. நகரின் மேற்குப் பகுதியில் ஒரு தெருவின் பெயர் கறுப்பர் கிணற்றுத் தெரு. ஆபிரிக்காவிலிருந்து கொணரப்பட்ட அடிமைகள் இறந்தால் அவர்தம் உடலை இடுவதற்கு 1515இல் மன்னன் ஒரு குழி வெட்டுவித்தான். அதன் நினைவே அப்பெயர் என்பர். 1506இல் புனித டொமினிக்குத் தேவாலயத்தின் முன்றிலில் யூத குலத்தவர்மேல் எழுந்த வெறியாட்டத்தில் மிகப் பலர் கொல்லப்பட்டனர். அவ்விடத்தில் 2008இல் நகரத்தார் நினைவுக்கல் ஒன்றை நாட்டினர். ஐந்நூறாண்டு கழித்தாயினும் தன் பிழையைத் தன் தெருவிலேயே கல்லில் எழுதி வைத்தல் ஒரு நகரத்துக்குச் சிறுமையன்று.

ஒரு காலைப்பொழுது

1755 நவம்பர் 1ஆந் திகதி சனிக்கிழமை. சகல அர்ச்சிட்டவர்களின் திருநாளாதலால் மக்கள் தேவாலயங்களில் நிறைந்திருந்தனர். பீடங்களில் மெழுகுதிரிகள் எரிந்தன. காலை பத்து மணிக்குச் சற்று முன்னர் நிலம் அதிர்ந்தது. சில நிமிட நேரத்துள் தேவாலயக் கூரைகள் தொழுதுகொண்டிருந்தோர்மேல் வீழ்ந்தன. கட்டடங்களுக்கு அஞ்சியோர் ஆற்றங்கரையின் திறந்த வெளியை நாடி ஓடினர். சிறிது பொழுதிற் கடல் பொங்கி ஆற்றினூடாக ஏறி வந்து அவர்களையும் கவர்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி நமது கிழக்கு, வடக்குக் கரைகளை அழித்த ஆழிப்பேரலையைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இவ்விரண்டுக்கும் தப்பியதை நெருப்பு உண்டது. வீழ்ந்த மெழுகுதிரிகளாலும் வீட்டடுப்புகளாலும் மூண்ட தீ ஐந்து நாட்களுக்கு மேல் எரிந்தது. இறந்தோர் பல்லாயிரவர்.

ஆற்றங்கரை மாளிகையும் அதிலிருந்த அரச நூலகமும் எரிந்தன. எழுபதினாயிரம் நூல்கள் அங்கே இருந்தன என்று கூறப்படும். ஏழு மாதத்துக்கு முன்னரே திறந்துவைக்கப்பெற்ற இசைநாடக அரங்கும் அழிந்தது. பெலேமில் தங்கியிருந்தமையால் ஜொசே மன்னன் உயிர் தப்பினான். ஆயினும் கல்லாற் கட்டிய கூரையின்கீழ் உறங்க அவன் அதன்பின் துணியவில்லை; மரத்தாலான மாளிகையிலேயே தன் எஞ்சிய நாளைக் கழித்தான்.

அல்பாமாவின் ஏழைக் குடியிருப்புகளோ உறுதியான பாறைமேல் அமைந்திருந்தமையாற் பெரும்பாலும் தப்பின. செல்வர் வாழ்ந்த பள்ளப்பகுதி ஆற்று மண்ணின்மேல் நின்றமையால் அடியோடு வீழ்ந்தது.

ஒரு முதியவரும் ஓர் ஏட்டுச் சேமமும்

இவ்விடத்தில் ஒருவரைப் பற்றிக் கூறுதல் வேண்டும். மனுவேல் த மாயா என்பவர் அரசின் தலைமைப் பொறியியலாளர். 1677இற் பிறந்தவர், நிலநடுக்கத்தின்போது அவர்க்கு வயது எழுபத்தெட்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர் நகருக்கு நீர் கொணரும் பெருங் கால்வாய்ப் பணியிலும் பங்குகொண்டவர். அதனோடு அரச ஆவணக் காப்பகத்தின் தலைவராகவும் விளங்கினார். அக்காப்பகம் கோட்டைக் குன்றின் கோபுரம் ஒன்றில் இருந்தது. அதன் பெயர் தோர்ரெ தொ தொம்பு. அதாவது தோம்புக் கோபுரம்.

தோம்பு என்னுஞ் சொல்லை நம் முதியோர் நன்கு அறிவர். காணியும் அதன் எல்லையும் உடையவன் பெயரும் இறையும் எழுதப்பட்ட பதிவேடு அது. போர்த்துக்கேயர் இந்நாட்டில் எழுதத் தொடங்க, ஒல்லாந்தர் அதனை விரிவாக்கினர். நம்மூர்க் காணி வழக்குகளில் அடிபட்ட அச்சொல்லின் தாய்வீடு லிஸ்பன் கோட்டையின் கோபுரமாகும்.

அன்று அக்கோபுரம் இடிந்து வீழ்ந்தது. கிழவராகிய மாயா இடிபாடுகளின் நடுவே ஆட்களை நிறுத்தி ஏடுகளையும் சாசனங்களையும் எடுப்பித்தார். கோட்டை வெளியிலே மரக் கொட்டில் அமைத்து அவற்றை மழைக்கும் கள்வர்க்கும் அஞ்சாது காத்தார். 1757இல் அவை துறவியர் மடமொன்றுக்கு மாற்றப்பட்டன. 1990 முதல் தமக்கெனக் கட்டப்பெற்ற புதிய மனையில் இருக்கின்றன. பெயர் இன்றும் தோம்புக் கோபுரமே.

நகரை மீளக் கட்டும் பொறுப்பு, பின்னாளிற் பொம்பால் பிரபு எனப் பட்டம் பெற்ற அமைச்சர் செபஸ்தியான் ஜொசே த கர்வாலோவிடம் இருந்தது. அவர் கட்டளையின்படி, இடிபாடுகளை அகற்றுமுன் ஒவ்வொரு தெருவும் ஒவ்வொரு மனையும் அளக்கப்பட்டுப் பதிவாயின. இன்னார் வீடு இங்கே நின்றது, அதன் முகப்பு இத்துணை நீளம் என்று எழுதி வைத்தனர். அப்பதிவேட்டின் பெயரும் தோம்பு என்பதே. பின்னரே புதிய நகரைப் பற்றிச் சிந்தித்தனர். ஒவ்வொரு பங்குக் குருவுக்கும் ஒரு வினாக்கொத்து அனுப்பப்பட்டது. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் வற்றியதா பெருகியதா, எத்தனை வீடுகள் வீழ்ந்தன என்பன அவ்வினாக்கள். நிலநடுக்க அறிவியலின் முதற்படிகளுள் ஒன்றாக அறிஞர் இதனைக் கருதுவர்.

மாயா அரசுக்கு அளித்த அறிக்கையில் வழிகள் ஐந்து காட்டினார். முன்னிருந்தவாறே கட்டுதல், முன்னிருந்தவாறு கட்டித் தெருக்களை மாத்திரம் அகலமாக்குதல், அவ்வாறு அகலமாக்கி வீடுகளின் உயரத்தையும் குறைத்தல், பள்ளப்பகுதி முழுவதையும் தரைமட்டமாக்கிப் புதிய அமைப்பில் எழுப்புதல், இவ்விடத்தை விட்டுப் பெலேமருகே வேறு நகர் காணுதல் என்பன அவை. நான்காம் வழி தெரிந்தெடுக்கப்பட்டது. யூஜேனியோ தொஸ் சந்தோஸ் என்பவரின் வரைபடத்தின்படி 1758இல் வேலைக்குச் சட்டம் பிறந்தது. அவர் 1760இல் இறந்தபின் கார்லோஸ் மார்டெல் பணியைத் தொடர்ந்தார்.

மரக்கூட்டினுள் ஒரு கல்வீடு

பைஷா எனப்படும் அப்புதிய பள்ளப்பகுதி ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கும் ரொசியோச் சதுக்கத்துக்கும் இடையே சதுரங்கப் பலகைபோல அமைந்தது. தெருக்கள் நேரானவை; ஒன்றையொன்று செங்கோணத்தில் வெட்டுவன. நடப்போர்க்குத் தனிப் பாதையும், தெருவின் கீழே கழிவுநீர் வாய்க்காலும் முன்னரே திட்டமிடப்பட்டன.

வீடுகளின் உள்ளமைப்பே வியப்புக்குரியது. ஆற்று மண் ஈரமும் நெகிழ்வும் உடையது. ஆதலால் முதலிற் பைன் மரக் கம்பங்களை நிலத்தில் நெருக்கமாக அறைந்து அவற்றின்மேல் அத்திவாரம் இட்டனர். கீழ்த்தளம் கல்லால் எழுந்தது. அதற்கு மேலே, சுவர்களுக்குள், நிமிர்ந்த மரங்களையும் கிடைமரங்களையும் குறுக்குமறுக்கான சட்டங்களையும் பொருத்தி ஒரு மரக்கூடு அமைத்தனர். அதன் இடைவெளிகளைக் கல்லாலும் சுண்ணச் சாந்தாலும் நிரப்பிப் பூசினர். புறத்தே பார்ப்பவர்க்கு அது கல்வீடு. உள்ளே அது கப்பலைப் போன்ற மரவேலை. நிலம் அதிர்ந்தால் மரக்கூடு வளைந்து கொடுக்கும். சுவரின் பூச்சு உதிர்ந்தாலும் மாடி வீழாது. பறவைக் கூடு என்ற பொருளில் இதனைக் காயோலா என்றனர். மாதிரிக் கூடொன்றைச் சதுக்கத்தில் நிறுத்தி, அதனைச் சுற்றிப் படைவீரரை ஓங்கி நடக்கச் செய்து அதன் உறுதியைச் சோதித்தனர் என்பது செவிவழிச் செய்தி.

தீக்கும் காப்புச் செய்தனர். இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சுவரைக் கூரைக்கு மேலும் உயர்த்திக் கட்டினர்; ஒரு கூரையிற் பற்றிய தீ மறு கூரைக்குத் தாவாது. யன்னற் சட்டம், கதவு, இரும்புக் கம்பி, ஓடு ஆகியவற்றை ஒரே அளவிற் பெருந்தொகையாகச் செய்து கொணர்ந்து பொருத்தினர். பிரபுவாயினும் வணிகனாயினும் முகப்பில் தனக்கெனச் சிறப்பு அணி செய்ய இயலாது. தேவாலயங்களும் தெருவின் ஒழுங்கிலே அடங்கி நின்றன. கீழே கடை, முதல் மாடியில் இரும்பு முகப்புமேடை, மேலே செல்லச் செல்ல எளிய யன்னல், உச்சியிற் கூரையறை என்பது எல்லா வீட்டுக்கும் பொது.

பொம்பால் பிரபு மென்மையானவர் அல்லர். எதிர்த்தவரைச் சிறையிட்டார், உயர்குடியினர் சிலரை 1759இற் கொடிய முறையிற் கொல்வித்தார். கட்டுமானச் செலவின் பெரும்பகுதி வாணிகத்தின்மேல் விதித்த வரியாலும், அடிமைகளின் உழைப்பால் விளைந்த பிரேசில் நாட்டுப் பொன்னாலும் வந்தது. செம்மையான தெருக்களைப் புகழும்போது இதனையும் மறத்தலாகாது.

தெருப்பெயர்கள்

பைஷாவின் தெருக்களுக்குத் தொழிலின் பெயர் வழங்கிற்று. பொன் தெரு, வெள்ளித் தெரு, துணிவாணிகர் தெரு, பொன்முலாம் பூசுவோர் தெரு, வார்த்தொழிலாளர் தெரு என்பன இன்றும் உள்ளன. இவற்றுள் ஒன்றின் பெயர் சப்பத்தேய்ரோஸ் தெரு. நம் மாணவர் அகராதியின்றியே இதன் பொருளை உணரலாம். சப்பாத்துச் செய்வோர் தெரு என்பதே அது. நகரின் மேற்கே யனேலஸ் வேர்தெஸ் என்றொரு தெரு; பச்சை யன்னல்கள் என்பது பொருள். பழங்கலைகளின் தேசியப் பொருட்காட்சிச்சாலை அங்கே இருக்கிறது.

ஆற்றங்கரைச் சதுக்கத்துக்கு அரசு சூட்டிய பெயர் வாணிகச் சதுக்கம். மூன்று பக்கமும் வளைவுத் தூண் மண்டபங்கள். நான்காம் பக்கம் ஆறு. நடுவே ஜொசே மன்னன் குதிரைமேல் அமர்ந்த வெண்கலச் சிலை 1775இல் நிறுவப்பட்டது. மச்சாதோ த காஸ்திரோ என்பவர் கைவண்ணம். ஆயினும் மக்கள் இவ்விடத்தை இன்றும் மாளிகை முற்றம் என்றே அழைக்கின்றனர். மாளிகை எரிந்து இருநூற்றெழுபது ஆண்டுகளாயின. சட்டம் இட்ட பெயரினும் நா வழங்கிய பெயர் நெடுங்காலம் வாழும் என்பதற்கு இது சான்று.

சுவரும் தரையும்

லிஸ்பனின் வீட்டு முகப்புகளில் மெருகிட்ட ஓடுகள் பதிக்கப்பட்டிருக்கும். அசுலேஜு என்னும் இப்பெயரும் அரபு மொழியினது. மெருகிட்ட சிறுகல் என்பது பொருள். முதலில் இவை தேவாலயங்களையும் மாளிகைகளையும் அணிசெய்தன. சீனப் பீங்கானையும் ஒல்லாந்தர் ஓட்டையும் கண்டு நீலமும் வெள்ளையுமாக வரையும் வழக்கம் பதினேழாம் நூற்றாண்டிற் பரவிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில், பிரேசிலிற் பொருளீட்டி மீண்டவர் வீட்டின் வெளிச்சுவர் முழுவதையும் ஓட்டால் மூடினர். அழகோடு பயனும் உண்டு. மழை ஈரம் சுவரிற் புகாது, வெயில் தாக்காது, கழுவினால் தூய்மையாகும். பழைய ஓடுகளைப் பெயர்த்து விற்கும் கள்வர் பெருகவே, ஓடு பதித்த முகப்புகளை இடிப்பதைத் தடுக்கும் சட்டம் 2017இற் பிறந்தது. ஓட்டுப் பொருட்காட்சிச்சாலையில், ஏறத்தாழ 1700இல் வரைந்த நெடும்படம் ஒன்று பேணப்படுகிறது. நீளம் ஏறக்குறைய 23 மீற்றர். வீழ்வதற்கு முன் இருந்த நகரம் முழுவதும் அதில் நிற்கிறது.

தரையும் ஓவியமே. வெண்சுண்ணக் கல்லையும் கருங்கல்லையும் சிறு சிறு கட்டிகளாகத் தட்டி, மணலிற் பதித்துக் கோலமிட்டாற்போல நடைபாதை அமைக்கின்றனர். 1842இற் கோட்டைத் தலைவர் ஒருவர் அங்கிருந்த கைதிகளைக்கொண்டு முதன்முதற் பெரியதோர் வெளியை இவ்வாறு அமைப்பித்தார். சில ஆண்டுகளில் ரொசியோச் சதுக்கம் கருமையும் வெண்மையுமான கடலலைக் கோலம் பெற்றது. குந்தியிருந்து ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் ஏந்திச் சுத்தியலாற் செதுக்கும் இத்தொழில் கடினமானது, ஊதியமும் சிறிது. தொழில் மறையாதிருக்க மாநகர சபை 1986இல் இதற்கெனப் பாடசாலையொன்றை நிறுவிற்று. மழை நாளில் இக்கற்கள் வழுக்கும் என்று முதியோர் குறைகூறுவதும் உண்டு, அதுவும் நியாயமே.

ஏறும் வண்டிகள்

மலைத்தெருக்களில் முதியோரும் சுமை சுமப்போரும் எவ்வாறு ஏறுவர்? 1884 முதல் கம்பியிழுவை வண்டிகள் செங்குத்தான தெருக்களில் ஓடின. ஒன்று இறங்கும் பாரத்தால் மற்றொன்று ஏறும். 1901இல் மின்சார ட்ராம் வண்டி வந்தது. இருபத்தெட்டாம் இலக்க வண்டி அல்பாமாவின் ஒழுங்கைகளினூடே செல்லும்போது, வீட்டுக் கதவுகளுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு முழ இடைவெளியும் இராத இடங்கள் உள. 1902இற் பைஷாவிலிருந்து மேட்டுத் தெருவுக்கு ஏற்றும் 45 மீற்றர் உயர இரும்புத் தூக்கியொன்று திறக்கப்பட்டது.

பழமையைப் பேணுதலோடு பழுதின்றிப் பேணுதலும் கடமையாகும். 2025 செப்ரெம்பர் 3ஆந் திகதி, 1885 முதல் ஓடிய குளோரியாக் கம்பியிழுவை வண்டியின் வடம் அறுந்து, வண்டி தெருமுனைக் கட்டடத்தில் மோதியது, பதினறுவர் உயிரிழந்தனர்.

அவ்விரும்புத் தூக்கியின் உச்சியருகே நிற்பது கார்மோ மடத்துத் தேவாலயம். 1389இல் தொடங்கப்பெற்ற அதன் கூரை 1755இல் வீழ்ந்தது. மீளக் கட்டும் முயற்சி முற்றுப்பெறவில்லை. இன்று வளைவுகள் மாத்திரம் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. கீழே புல் முளைத்திருக்கிறது. நகரம் முழுவதையும் புதுக்கியவர்கள் இதனை மாத்திரம் வீழ்ந்தவாறே விட்டுவைத்தனர். அதன் முன்றிலிலேயே 1974 ஏப்ரில் 25ஆந் திகதி, நாற்பதாண்டுக்கு மேற்பட்ட சர்வாதிகாரம் முடிவுற்றது. அன்று மக்கள் படைவீரரின் துப்பாக்கி முனைகளிற் செந்நிறப் பூக்களைச் செருகினர். ஆற்றின்மேல் 1966இற் சர்வாதிகாரியின் பெயரால் திறந்த பாலம் அந்நாளின் பெயரைப் பெற்றது.

யூன் மாதத்து இரவு

ஆண்டுதோறும் யூன் 12ஆந் திகதி இரவு நகரம் உறங்காது. மறுநாள் இந்நகரிற் பிறந்த புனித அந்தோனியாரின் திருநாள். பழந்தெருக்களில் வண்ணக் காகிதத் தோரணம் கட்டுவர். சாளை மீன் சுட்டுப் பாணின்மேல் வைத்து உண்பர். ஒவ்வொரு பகுதியாரும் தத்தம் உடையில் ஊர்வலம் வருவர். காதலர் ஒருவர்க்கொருவர் சிறு சட்டியில் நட்ட மஞ்சரிக்கோச் செடியை, ஒரு காகிதப் பூவும் சிறு செய்யுளும் செருகிக் கொடுப்பர். அச்செடி நம் துளசியின் இனத்தது. அதனை நேரே மூக்கில் வைத்து முகர்தல் ஆகாது. உள்ளங்கையால் தொட்டுக் கையையே முகர வேண்டும். துளசியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றும் நம் வீட்டு முதியோரை இச்செயல் நினைவூட்டும்.

இத்தெருக்களுக்கு இன்று வேறோர் இடர் வந்துள்ளது. அழகைக் காண வருவோர் தங்குவதற்காக வீடுகள் விடுதிகளாகின்றன, வாடகை உயர்கிறது, பரம்பரையாக வாழ்ந்தோர் புறநகருக்குப் பெயர்கின்றனர். நிலநடுக்கம் வெளியேற்றாத அல்பாமா மக்களை வாடகை வெளியேற்றுகிறது. யன்னல் இருக்கும், அதில் முழங்கை ஊன்றிப் பேசுவார் இரார்.

விடை

முதலில் எழுந்த வினாவுக்கு வருவோம். இடித்தவர் ஊரைப் பற்றி நாம் ஏன் அறிதல் வேண்டும்?

அவ்வூரும் இடிந்தது. நம் நகரும் இடிந்தது. அவர்களுடைய நூலகம் 1755இல் எரிந்தது. ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் கிடைத்தற்கரிய ஏடுகளும் இருந்த யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டது. பின்வந்த போரில் ஊர்கள் பெயர்ந்தன, வீடுகள் கூரையிழந்தன, வேலிகளும் எல்லைகளும் பற்றைக்காட்டில் மறைந்தன. இயற்கையின் அழிவும் மனிதர் செய்த அழிவும் ஒன்றாகா. ஆயினும் அழிவின் மறுநாட் காலையிற் செய்யவேண்டியது யாது என்பதில் எழுபத்தெட்டு வயது முதியவர் ஒருவர் எல்லார்க்கும் பாடஞ் சொல்லியிருக்கிறார். முதலில் ஏட்டை எடுத்தார்; அடுத்து அளந்தார்; பின்னரே கட்டினார்.

நாமோ கட்டுவதில் விரைகிறோம். ஒழுங்கைகள் அகலமாகின்றன, நாற்சார் வீடுகளின் இடத்திற் கொங்கிறீற்று மாடிகள் எழுகின்றன. அவற்றை வேண்டாம் என்பது எமது கருத்தன்று. அங்கு முன்பு நின்றது யாது என்று எழுதி வைத்தவர் யார்? குச்சொழுங்கைகளின் பெயர்கள், குளங்களின் பெயர்கள், மடங்களின் பெயர்கள், தலைவாசலின் அளவு, திண்ணையின் உயரம் ஆகியன நினைவிலுள்ள முதியோரோடு நாளும் மறைகின்றன.

பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் எமது வேண்டுகோள் ஒன்றே. இம்மலரைப் படித்து முடித்தபின் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து, நீங்கள் பிறந்த ஒழுங்கையின் ஒரு முனை முதல் மறுமுனை வரை இருந்த வீடுகளையும் கிணறுகளையும் மரங்களையும் வரிசையாக எழுதுங்கள். பெயர் தெரியாதவற்றைப் பாட்டனாரையும் பாட்டியாரையும் கேளுங்கள். கடல் கடந்து வாழும் பழைய மாணவர் தம் நினைவில் உள்ளதை எழுதிக் கல்லூரி நூலகத்துக்கு அனுப்புவாராக. கோயிலை இடித்தவர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களுள் தோம்பும் ஒன்று. அவர்கள் அதனை இறை வாங்குதற்கு எழுதினர். நாம் நம் நினைவைக் காத்தற்கு எழுதுவோம்.